இரண்டு முறை கைவிட்டுப் போன பீரங்கி

1944 டிசம்பர் 15. பர்மாவின் கலடான் பள்ளத்தாக்கில் இந்திய மலைப் பீரங்கிப் படையின் 3.7 அங்குலப் பீரங்கி ஒன்று முன்னணியில் நின்றிருந்தது. அதன் பொறுப்பாளர் ஹவில்தார் உம்ராவ் சிங், இன்றைய ஹரியானாவின் ஜஜ்ஜர் பகுதிக்காரர். ஒன்றரை மணி நேரம் ஜப்பானியப் பீரங்கிகளும் மோர்ட்டார்களும் அந்த இடத்தை அடித்து நொறுக்கின. பிறகு அவர்களுடைய காலாட்படை அலை அலையாக ஏறி வந்தது. பீரங்கிக் குழுவினர் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். தோட்டாவும் தீர்ந்தது. இரண்டு கையெறி குண்டுகளால் ஏற்கெனவே காயப்பட்டிருந்த உம்ராவ் சிங், பீரங்கிப் பாகங்களைத் தூக்கப் பயன்படும் கனத்த இரும்புத் தண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே நின்றார். ஆறு மணி நேரம் கழித்து எதிர்த்தாக்குதலில் அந்த இடம் மீட்கப்பட்டபோது, ஏழு பலத்த காயங்களோடு நினைவிழந்து கிடந்தார். முகம் அடையாளம் தெரியவில்லை. சுற்றிலும் பத்து ஜப்பானியரின் உடல்கள். பக்கத்தில் அவருடைய பீரங்கி பழுதில்லாமல் நின்றது. அன்றைக்கே அது மறுபடியும் சுட்டது.

உம்ராவ் சிங்குக்கு விக்டோரியா கிராஸ் பதக்கம் கிடைத்தது. ஆனால், ஓர் இரும்புக் குழாய்க்காக ஒரு மனிதர் ஏன் இப்படி நிற்க வேண்டும் என்ற கேள்வி எழும். காலாட்படைக்குக் கொடி உண்டு, குதிரைப்படைக்கும் உண்டு. பீரங்கிப் படைக்குத் தனியாகக் கொடி கிடையாது. பீரங்கிதான் அதன் கொடி. அணிவகுப்பில் கொடிக்குக் கொடுக்கும் மரியாதையைப் பீரங்கிக்குக் கொடுப்பார்கள். போர்க்களத்தில் அதை எதிரியிடம் விட்டு வருவது கொடியைப் பறிகொடுப்பதற்குச் சமம். ஆயுத பூஜை நாளில் குழலுக்குச் சந்தனம் பூசி மாலை போடுவதில் தெரிவதும் இதே உறவுதான்.

அந்தப் பீரங்கி, இந்தியச் சிப்பாயின் கையிலிருந்து இரண்டு முறை நழுவிப் போயிருக்கிறது. முதல் முறை அந்நிய ஆட்சியின் அச்சத்தால், 78 ஆண்டுகள். இரண்டாம் முறை நம்முடைய சொந்த அச்சத்தால், 30 ஆண்டுகள். இந்தியப் பீரங்கிப் படையின் வரலாற்றைப் படிக்கும்போது எத்தனையோ போர்களும் பதக்கங்களும் கண்ணில் படுகின்றன. எனக்கு என்னவோ இந்த இரண்டு வறட்சிகள்தான் அந்த வரலாற்றின் முதுகெலும்பாகத் தெரிகின்றன.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்திய ராணுவத்தில் 'ரெஜிமெண்ட்' என்ற சொல் இரண்டு பொருளில் வரும். பீரங்கிப் படை முழுவதுமே ஒரு ரெஜிமெண்ட். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு தனிப் பிரிவும் ரெஜிமெண்ட்தான். வழக்கமான பீரங்கி ரெஜிமெண்ட் ஒன்றில் மூன்று பேட்டரிகள், பேட்டரிக்கு ஆறு பீரங்கிகள், ஆக மொத்தம் 18. தலைமையில் ஒரு கர்னல். "சர்வத்ர இஸ்ஸத்-ஓ-இக்பால்" என்பது படை முழுமைக்கும் முழக்கம். எங்கும் மானத்தோடும் புகழோடும் என்று பொருள். பயிற்சிக் கல்லூரி நாசிக் அருகே தேவ்லாலியில் இருக்கிறது. சிப்பாய்களை உருவாக்கும் மையங்கள் நாசிக் ரோட்டிலும் ஹைதராபாத்திலும் உள்ளன.

பீரங்கி என்ற சொல்லே ஒரு வரலாற்றைச் சொல்கிறது. ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி' என்ற பாரசீகச் சொல் தமிழுக்கு வந்தபோது இரண்டாகக் கிளைத்தது. ஆட்களைச் சுட்டியது 'பரங்கி' ஆயிற்று. அவர்கள் கொண்டுவந்த ஆயுதத்தைச் சுட்டியது 'பீரங்கி' ஆயிற்று. சென்னையின் பரங்கிமலை போர்த்துகீசியரால் அந்தப் பெயரைப் பெற்றது. பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாக அமைந்ததும் அதே பரங்கிமலைதான். ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துகொண்டன.

கம்பெனிப் படையில் தொடக்கத்தில் பீரங்கி வெள்ளையருக்கு மட்டுமே உரிய வித்தையாக இருந்தது. இழுக்கவும் தூக்கவும் தள்ளவும் 'லஸ்கர்' என்ற இந்தியத் தொழிலாளர்கள். குறி வைத்துச் சுட ஐரோப்பியர்கள். தேவை பெருகிய பிறகுதான் இந்தியர்களைக் கொண்ட 'கோலந்தாஸ்' பிரிவுகள் உருவாயின. கோலா என்றால் குண்டு. கோலந்தாஸ் என்றால் குண்டு எறிபவர். பம்பாய் கோலந்தாஸ் பட்டாளத்தின் எட்டாவது கம்பெனி 1827 செப்டம்பர் 28 அன்று தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் ஐந்தாவது பம்பாய் மலை பேட்டரியாக மாறியது. இன்றும் இயங்கும் இந்தியப் பீரங்கிப் பிரிவுகளில் மூத்தது அதுதான். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 28ஐப் பீரங்கிப் படையினர் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2027இல் அதற்கு 200 ஆண்டு நிறைகிறது.

முப்பதே ஆண்டுகளில் 1857 வந்தது. கிளர்ச்சியில் இறங்கிய இந்தியக் கோலந்தாஸ்கள், கற்ற வித்தையைக் கற்றுக்கொடுத்தவர்கள் மீதே திருப்பினார்கள். டில்லி முற்றுகையின்போது நகர மதில்களிலிருந்து அவர்கள் சுட்ட குறி ஆங்கிலேயருக்கு மறக்கவில்லை. அடுத்து அமைந்த பீல் ஆணையம், பீரங்கி ஐரோப்பியர் கையில்தான் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்தியப் பீரங்கிப் பிரிவுகள் ஏறக்குறைய எல்லாமே கலைக்கப்பட்டன. மலைப்பகுதிச் சண்டைக்கான சில சிறு பேட்டரிகள் மட்டும் தப்பின. அவை தப்பியதற்கும் காரணம் உண்டு. வடமேற்கு எல்லையின் செங்குத்துப் பாறைகளில் கோவேறு கழுதைகளோடு ஏறி இறங்கும் வேலைக்கு உள்ளூர்க்காரர்கள் தேவைப்பட்டார்கள். கோட்டையைத் தகர்க்கும் அளவுக்குப் பெரிய பீரங்கியும் இல்லை அது.

இப்படி மிச்சம் விடப்பட்ட சின்னப் பீரங்கிதான் இந்தியர் கையில் பெரிய கலையாக வளர்ந்தது. 2.5 அங்குல மலைப் பீரங்கியின் குழல் இரண்டு துண்டு. நடுவே திருகாணிபோல் மரை. இரண்டையும் இரண்டு கழுதைகளில் ஏற்றி, சக்கரமும் வண்டிக்கட்டும் வேறு கழுதைகளில் ஏற்றி, சிகரத்துக்குப் போய் இறக்கி, குழல் துண்டுகளைத் திருகி இணைத்துச் சுடுவார்கள். அதன் வழிவந்த 3.7 அங்குல ஹோவிட்சரை, அதாவது குண்டை வளைத்து எறியும் பீரங்கியை, எட்டுக் கழுதைச் சுமையாகப் பிரிக்கலாம். உம்ராவ் சிங் கடைசிவரை விட்டுக்கொடுக்காத பீரங்கி அந்த வகைதான். 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்போலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கியபோது அவர்களோடு கரையேறியவை கோஹட், ஜேக்கப் என்ற இரண்டு இந்திய மலை பேட்டரிகள். செங்குத்தான அந்தக் கரையில் மற்றப் பீரங்கிகளை ஏற்றுவது பெரும்பாடு. கழுதைகளால் முடிந்தது.

சமவெளிப் போருக்கான களப் பீரங்கி இந்தியர் கைக்குத் திரும்பி வந்தது 1935 ஜனவரி 15 அன்று, பெங்களூரில். 'ஏ' களப் பிரிகேட் என்ற பெயரில் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட முதல் களப் பீரங்கிப் பிரிவு அமைந்தது. இந்தியப் பீரங்கிப் படையின் முதல் தலைமுறை அதிகாரிகளில் ஒருவர், திருச்செங்கோடு பகுதியின் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து இளைஞர் பி.பி. குமாரமங்கலம். மதராஸ் மாகாண முதல்வராக இருந்த ப. சுப்பராயனின் மகன். இங்கிலாந்தின் உல்விச் அகாதெமியில் பயின்று 1933இல் அதிகாரியானவர். 1942 மே 27 அன்று லிபியப் பாலைவனத்தில், பீர் ஹக்கீம் அருகே மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் மீது இத்தாலிய டாங்குகள் பாய்ந்தன. இரண்டாவது களப் பீரங்கி ரெஜிமெண்டின் 25 பவுண்டர் பீரங்கிகள் குழலைத் தாழ்த்தி டாங்குகளை நேருக்கு நேர் பார்த்துச் சுட்டன. பீரங்கிப் படைக்காரர் தன் இலக்கைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பார்க்கிறார் என்றால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்று காட்டிய துணிவுக்காகக் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது கிடைத்தது. அந்தப் போரில் பிடிபட்டு இத்தாலியச் சிறைமுகாமுக்குப் போனார், தப்பினார், மீண்டும் பிடிபட்டு ஜெர்மானிய முகாமுக்கு மாற்றப்பட்டார். அவர் 1966இல் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். பீரங்கிப் படையிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

பிரிவினையில் பீரங்கிப் படையும் பிரிந்தது. இந்தியாவுக்குப் பதினெட்டரை ரெஜிமெண்ட், பாகிஸ்தானுக்கு மீதி. அந்த அரை என்பது வெறும் கணக்கு அல்ல. ஒரே ரெஜிமெண்டில் ஒரே பீரங்கியைச் சுற்றி நின்றவர்கள், மதம் பார்த்து பேட்டரி பேட்டரியாகப் பிரிந்து எதிரெதிர் நாட்டுக்குப் போனார்கள்.

இனிப் பீரங்கி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். அது புரியாவிட்டால் பின்னால் வரும் கார்கிலும் போஃபர்ஸும் புரியாது. சினிமாவில் காட்டுவதுபோல் பீரங்கிக்காரர் எதிரியைப் பார்த்துச் சுடுவதில்லை. இலக்கு பத்து, இருபது கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு மலைக்குப் பின்னால் இருக்கும். பார்ப்பவர் வேறொருவர். காலாட்படையோடு சேர்ந்து முன்னால் போகும் இளம் பீரங்கி அதிகாரி ஒருவர், ஒரு ரேடியோவோடும் தொலைநோக்கியோடும் பாறை இடுக்கில் படுத்திருப்பார். படையினர் அவரை 'ஓ.பி.' என்பார்கள். இலக்கின் வரைபட எண்ணை அவர் சொன்னதும் பின்னால் கணக்கு தொடங்கும். தூரம், திசை, பீரங்கிக்கும் இலக்குக்கும் உள்ள உயர வேறுபாடு, பல்வேறு உயரங்களில் காற்றின் வேகம், காற்றின் அடர்த்தி, உந்துமருந்தின் வெப்பநிலை, குழலின் தேய்மானம், பூமி சுழல்வதால் ஏற்படும் விலகல் எல்லாமே கணக்கில் சேரும். காற்றை அறிய பலூன் விடுவார்கள். மருந்து குளிர்ந்திருந்தால் மெதுவாக எரியும், குண்டு முன்னாலேயே விழுந்துவிடும்.

விடை பீரங்கிக்கு வந்ததும் குழுத் தலைவரான ஹவில்தார் உரக்கச் சொல்லித் திரும்ப உறுதி செய்வார். ஒருவர் குண்டின் மூக்கில் ஃபியூஸைத் திருகிப் பொருத்துவார். தரையில் பட்டதும் வெடிக்க ஒரு வகை, பதுங்குகுழிக்குள் புகுந்த பின் வெடிக்க ஒரு வகை, தலைக்கு மேலே வானில் வெடிக்க ஒரு வகை. 155 மி.மீ. குண்டு ஒன்று ஏறக்குறைய 43 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. அதைக் குழலுக்குள் தள்ளி இறுக்கி, பின்னால் மருந்துப் பையை வைத்து, கதவை மூடிச் சுடுவார்கள். நெடுந்தூரம் போகும் குண்டு இலக்கை அடைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். அது விழுந்த இடத்தைப் பார்த்து ஓ.பி. "நூறு மீட்டர் கூட்டு, ஐம்பது வலது" என்று திருத்துவார். குறி சிக்கியதும் 18 பீரங்கிகளும் ஒன்றாக முழங்கும். ஆக, பீரங்கிப் படையின் பலம் குழலில் மட்டும் இல்லை. பார்க்கும் கண், கணக்கு, குண்டு, குழல் என்று நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி அது. ஒன்று அறுந்தாலும் மற்ற மூன்றும் வீண்.

சுதந்திரத்துக்குப் பின் முதல் இருபதாண்டுகளுக்குக் கைகொடுத்தது பிரிட்டிஷ் 25 பவுண்டர். குண்டு 11.3 கிலோ, தூரம் 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சக்கரங்களுக்கு அடியில் இருக்கும் வட்டத் தட்டின் மேல் பீரங்கியை ஏற்றி நிறுத்தினால், எந்தப் பக்கமும் சட்டென்று திருப்பலாம். 1947-48 காஷ்மீரிலிருந்து 1971 வரை எல்லாப் போர்களிலும் அது இருந்தது. 1962 தோல்விக்குப் பிறகு மலைப் பீரங்கிகளின் பக்கம் மீண்டும் கவனம் திரும்பியது. 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையின் நாதுலாவில் சீனத் துருப்புகளோடு மூண்ட மோதலில் பலன் தெரிந்தது. கணவாயின் இரு பக்கமும் இருந்த சேபுலா, கேமல்ஸ் பேக் என்ற உயரங்கள் இந்தியர் வசம் இருந்தன. அங்கிருந்து ஓ.பி. பார்த்துச் சொல்லச் சொல்ல, எதிர்ப்பக்கத்துப் பதுங்குகுழிகள் நொறுங்கின. அப்போது ராணுவத் தளபதி குமாரமங்கலம். கண் உயரத்தில் இருந்தால் குழல் சின்னதாக இருந்தாலும் போதும் என்பதற்கு நாதுலாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

25 பவுண்டருக்கு மாற்றாக ஜபல்பூர் தொழிற்சாலையில் உருவானது 105 மி.மீ. இந்தியக் களப் பீரங்கி. 17 கிலோமீட்டர் எட்டும். முழுக்க நம் நாட்டிலேயே வடிவமைத்துப் பெரும் எண்ணிக்கையில் செய்த முதல் களப் பீரங்கி என்ற வகையில் அதற்குரிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த 130 மி.மீ. எம்-46, 27 கிலோமீட்டர் பாய்ந்தது. நம் சென்னை ஆவடித் தொழிற்சாலையில் உருவான விஜயந்தா டாங்கின் அடிப்பாகத்தை நீட்டி, மேல் கூண்டை எடுத்துவிட்டு, அதில் இந்த 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி 'கேட்டபுல்ட்' என்ற தானியங்கிப் பீரங்கியையும், அதாவது தானே நகரும் பீரங்கியையும், செய்தார்கள். கையிலிருந்ததை வைத்துச் சமாளித்த ஏற்பாடுதான், ஆனாலும் பல்லாண்டுகள் உழைத்தது.

பிறகு 1986 மார்ச் 24. ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடமிருந்து சுமார் 400 ஹோவிட்சர்கள் வாங்க ₹1,437 கோடிக்கு ஒப்பந்தம். 155 மி.மீ., 39 காலிபர். காலிபர் என்ற சொல்லை இங்கே விளக்க வேண்டும். குழலின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் அந்த எண். 155 மில்லிமீட்டரை 39ஆல் பெருக்கினால் ஆறு மீட்டர். 45 காலிபர் என்றால் ஏழு மீட்டர், 52 என்றால் எட்டு மீட்டர். குழல் நீள நீள, எரியும் மருந்தின் வாயு குண்டை அதிக நேரம் தள்ளும். குண்டு அதிக தூரம் போகும். போஃபர்ஸ் சாதாரணக் குண்டை 24 கிலோமீட்டருக்கு எறிந்தது. அடிப்பாகத்தில் வாயு கசியும் சிறப்புக் குண்டை 30 கிலோமீட்டருக்கு எறிந்தது. 14 விநாடிக்குள் மூன்று குண்டுகள். தனி எஞ்சின் உண்டு, லாரியின் உதவியில்லாமல் தானாகவே இடம் மாறும். சுட்ட இடத்தை எதிரி கண்டுபிடித்துத் திருப்பிச் சுடுவதற்குள் அங்கிருந்து நகர்ந்துவிட முடியும்.

1987 ஏப்ரல் 16 அன்று ஸ்வீடன் வானொலி லஞ்சப் புகாரை ஒலிபரப்பியது. அந்த அரசியல் எல்லோருக்கும் தெரியும். ஓர் ஆட்சியே போனது. நான் சொல்ல விரும்புவது வேறு. அந்த ஒப்பந்தத்தில் பீரங்கியை இங்கேயே செய்வதற்கான வரைபடங்களும் தொழில்நுட்பமும் அடங்கியிருந்தன. ஊழலை விசாரிப்பது ஒரு கடமை. வரைபடத்தைப் பிரித்துப் பார்ப்பது இன்னொரு கடமை. முதலாவதைச் செய்யப்போய் இரண்டாவதைக் கைவிட்டுவிட்டோம். போஃபர்ஸ் என்ற பெயரையே தொட அஞ்சி, அந்த வரைபடங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயன்படாமல் கிடந்தன.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பீரங்கி கார்கிலில் நின்றது. 1999 மே மாதம், திராஸ், பட்டாலிக், முஷ்கோ பகுதிகளில் 4,500 மீட்டருக்கும் மேலான முகடுகளில் பாகிஸ்தான் துருப்புகள் கற்களை அடுக்கி அரண் கட்டி அமர்ந்திருந்தன. கீழே ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலை. 105 மி.மீ. குண்டு அந்தக் கல் அரண்களை உடைக்கும் அளவுக்குக் கனமாக இல்லை. 155 மி.மீ. உடைத்தது. ஆனால் அது எளிதாக நடந்துவிடவில்லை. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். குண்டுக்குத் தடை குறைவு, அதனால் சமவெளிக் கணக்கைவிடத் தொலைவாகப் போய் விழும். முகடு சில மீட்டர் அகலம்தான். குண்டு இருபது மீட்டர் கூடுதலாகப் போனால் இலக்கைத் தாண்டிப் பல நூறு மீட்டர் ஆழத்தில் மறுபக்கப் பள்ளத்தில் விழும், ஓ.பி.யின் கண்ணுக்குப் புகைகூடத் தெரியாது, திருத்துவதற்கு வழியில்லை. இருபது மீட்டர் குறைந்தாலோ ஏறிக்கொண்டிருக்கும் நம் காலாட்படைக்கு அருகில் விழும். சமவெளியில் மிகத் துல்லியம் என்று பாராட்டப்படும் குறி, அங்கே பிழையாகிவிடும்.

இதற்குப் பீரங்கிப் படையினர் கண்ட வழிகளில் ஒன்று துணிச்சலானது. ஹோவிட்சர் என்பது வானை நோக்கி வளைத்து எறிய உண்டாக்கப்பட்ட ஆயுதம். அதைத் திராஸ் பள்ளத்தாக்கில் சிகரங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே கொண்டுவந்து, துப்பாக்கிபோல் நேர்க்குறி வைத்து அரண்களைச் சுட்டார்கள். பீரங்கியிலிருந்து இலக்கு தெரிகிறது என்றால் இலக்கில் இருப்பவனுக்கும் பீரங்கி தெரியும். தெரிந்தேதான் செய்தார்கள். தோலோலிங் ஜூன் 13 அன்று மீண்டது, பாயிண்ட் 5140 ஜூன் 20 அன்று, டைகர் ஹில் ஜூலை 4 அன்று. ஒவ்வொரு முறையும் காலாட்படை ஏறுவதற்கு முன் பல பேட்டரிகளின் குண்டுகள் ஒரே முகட்டில் விழுந்தன. சுமார் 300 பீரங்கிகளும் மோர்ட்டார்களும் ராக்கெட் ஏவிகளும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5,000 குண்டுகளைச் சுட்டன. டைகர் ஹில் வீழ்ந்த நாளில் 9,000. போர் முழுவதற்கும் இரண்டரை லட்சத்துக்கு மேல். ஆக்சிஜன் குறைந்த காற்றில், கையால் தூக்கி வைக்கப்பட்ட குண்டுகள் அவை. 2022இல் பாயிண்ட் 5140க்கு 'கன் ஹில்' என்று பெயர் சூட்டினார்கள். 

சங்கிலியின் அறுந்த கண்ணியும் அங்கேதான் தெரிந்தது. எதிரியின் குண்டு பறக்கும் பாதையை ரேடாரால் பிடித்து, அது கிளம்பிய இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவி பாகிஸ்தானிடம் இருந்தது. நம்மிடம் இல்லை. போருக்குப் பிறகு அமெரிக்காவிடமிருந்து வாங்கினார்கள். பின்னர் அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து 'சுவாதி' ரேடாரை உருவாக்கின. அது இன்று ஆர்மீனியாவுக்கே ஏற்றுமதியாகியிருக்கிறது.

கார்கிலில் இவ்வளவு பட்ட பிறகு புதிய பீரங்கிகள் உடனே வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1999இலேயே சுமார் 3,000 பீரங்கிகளை 155 மி.மீ.க்கு மாற்றும் பெரிய திட்டம் போடப்பட்டது. டெண்டர்கள் விடப்பட்டன, சோதனைகள் நடந்தன. ஒவ்வொரு முறையும் புகார், கறுப்புப் பட்டியல், ரத்து. தென்னாப்பிரிக்க நிறுவனம் 2005இல் வெளியே போனது. சிங்கப்பூர் நிறுவனம் 2012இல். புகார் வந்தால் விசாரிக்காமல் இருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு புகாருக்கும் பீரங்கியையே ரத்து செய்வது தண்டனையைத் தவறு செய்தவனிடமிருந்து எல்லையில் நிற்பவனுக்கு மாற்றிவிடுகிறது. 1857க்குப் பின் ஆட்சி செய்தவனுக்குச் சிப்பாய் மேல் நம்பிக்கை இல்லை. 1987க்குப் பின் கோப்பில் கையெழுத்துப் போடுபவருக்குத் தன் கையெழுத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை. இரண்டுக்கும் விலை கொடுத்தது பீரங்கியைச் சுற்றி நின்றவர்தான்.

வறட்சி முடிந்தது 2017 மே மாதம், அமெரிக்காவின் எம்-777 முதல் இரண்டு பீரங்கிகள் வந்திறங்கியபோது. மொத்தம் 145க்கு ஒப்பந்தம். டைட்டானியம் உலோகத்தால் ஆனதால் எடை சுமார் 4.2 டன்தான். போஃபர்ஸ் போன்றவற்றின் எடை இதுபோல் ஏறக்குறைய மூன்று மடங்கு. சினூக் ஹெலிகாப்டரில் கட்டித் தொங்கவிட்டுச் சாலையே இல்லாத அருணாச்சல முகடுகளுக்குக் கொண்டுபோகலாம். எட்டுக் கழுதைச் சுமையாகப் பிரித்துத் தூக்கிய 3.7 அங்குல ஹோவிட்சரின் நேரடி வாரிசு இதுதான் என்பேன். கழுதைக்குப் பதில் ஹெலிகாப்டர், அவ்வளவே. அடுத்து கே-9 வஜ்ரா, தென்கொரிய வடிவமைப்பில் குஜராத்தின் ஹஜிராவில் எல் அண்டு டி செய்த தானியங்கிப் பீரங்கி, 52 காலிபர். பாலைவனத்துக்கு என்று வாங்கிய 100 வண்டிகளில் சில, சீனாவுடனான பதற்றத்தின்போது லடாக்கின் குளிருக்கு ஏற்ப மாற்றப்பட்டு 2021இல் மலையேறின. 2024 டிசம்பரில் ₹7,628 கோடிக்கு மேலும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

தூசி படிந்த அந்த போஃபர்ஸ் வரைபடங்களும் ஒருவழியாகப் பிரிக்கப்பட்டன. அவற்றை அடிப்படையாக வைத்து, குழலை 45 காலிபருக்கு நீட்டி, குறி பார்க்கும் முறையை மின்னணுவுக்கு மாற்றி ஜபல்பூரில் செய்ததுதான் 'தனுஷ்'. 38 கிலோமீட்டர் எட்டும். முதல் ஆறு பீரங்கிகள் 2019 ஏப்ரல் 8 அன்று ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஒப்பந்தம் போட்டு 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய 130 மி.மீ. பீரங்கிகளின் குழலைக் கழற்றி 155 மி.மீ. குழல் பொருத்தும் 'சாரங்' திட்டமும் அதே சிந்தனையில் வந்தது. முழுக்கப் புதிதாக, டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகம் பாரத் ஃபோர்ஜ், டாடா நிறுவனங்களோடு உருவாக்கியது 'ஏடாக்ஸ்'. 52 காலிபர், மருந்து எரியும் அறை வழக்கமான 23 லிட்டருக்குப் பதிலாக 25 லிட்டர், சோதனையில் 48 கிலோமீட்டர் பாய்ந்தது. 2025 மார்ச்சில் 307 பீரங்கிகளுக்கு, இழுக்கும் வண்டிகளோடு சேர்த்து ஏறக்குறைய ₹6,900 கோடிக்கு ஒப்பந்தமானது.

ராக்கெட்டுகள் தனிக் கதை. 1780இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் மைசூர்ப் படையின் இரும்புக் குழல் ராக்கெட்டுகளைக் கம்பெனிப் படை எதிர்கொண்டது. இன்றைய பினாகா, ஆறு ஏவிகள் கொண்ட ஒரு பேட்டரியாக நின்றால், 44 விநாடியில் 72 ராக்கெட்டுகளை சுமார் 38 கிலோமீட்டருக்கு அனுப்பும். வழிகாட்டும் கருவி பொருத்தியவை 75 கிலோமீட்டர் வரை. பினாகாவை முதன்முதலில் களத்தில் சோதித்ததும் கார்கிலில்தான். சோவியத் காலத்து கிராட் 20 கிலோமீட்டர், ரஷ்ய ஸ்மெர்ச் 90 கிலோமீட்டர் வரை. பிரம்மோஸ் ஏவுகணை ரெஜிமெண்டுகளும் பீரங்கிப் படையின் கீழ்தான் வருகின்றன.

குண்டுக்கும் மருந்துக்கும் உள்ள இடம் செய்திகளில் பெரும்பாலும் வராது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அரவங்காட்டில் 1904 முதல் உந்துமருந்து செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. கார்கிலில் நாளொன்றுக்கு 5,000 என்ற வேகத்தில் சுட்டபோது குண்டுக் கையிருப்பே கவலையாக இருந்தது, வெளிநாட்டிலிருந்து அவசரமாக வரவழைக்க வேண்டியிருந்தது. உக்ரைன் போர் உலகத்துக்கே அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறது. பீரங்கியை ஒருமுறை வாங்கினால் முப்பது ஆண்டு நிற்கும். குண்டை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும்.

இப்போது மாறிக்கொண்டிருப்பது கண். பாறை இடுக்கில் படுத்திருந்த ஓ.பி.யின் வேலையில் பாதியை டிரோன் செய்கிறது. 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று ராணுவத் தளபதி உபேந்திர திவிவேதி, டிரோன்களையும் சுற்றித் திரிந்து தாக்கும் குண்டுகளையும் கொண்ட 'சக்திபான்' பீரங்கி ரெஜிமெண்டுகளையும் 'திவ்யாஸ்திரா' பேட்டரிகளையும் அறிவித்தார். அடுத்த தலைமுறை அதிகாரி தொலைநோக்கிக்குப் பதில் திரையைப் பார்த்துத் திருத்தம் சொல்லக்கூடும். காற்றும் குளிரும் குழல் தேய்மானமும் அப்படியேதான் இருக்கும், கணக்கு மாறாது.

மதராஸ் பீரங்கிப் படை இருந்த அதே பரங்கிமலையில் இப்போது அதிகாரிகள் பயிற்சி அகாதெமி இருக்கிறது. 2023 ஏப்ரல் 29 அன்று அங்கே பயிற்சி முடித்து வெளியேறிய அணியில் ஐந்து பெண்கள் பீரங்கிப் படைக்குத் தேர்வானார்கள். கோலந்தாஸ் கம்பெனி தொடங்கி ஏறக்குறைய 196 ஆண்டுகளில் பெண் அதிகாரிகளைப் பீரங்கிப் படை சேர்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. மூவரைச் சீன எல்லைப் பிரிவுகளுக்கும் இருவரைப் பாகிஸ்தான் எல்லைக்கு அருகேயும் அனுப்பினார்கள்.